போட்டோவோடு போகும் விவரத்துக்கு ஒரு சொல்: 'உடன்குறிப்பு'

நண்பர்களுக்கு வணக்கம்.

மெட்டாடேட்டாவுக்கு, அதாவது எடுத்த நேரம், இடம், கேமரா என்று படக்கோப்போடு போகும் விவரங்களுக்கு, மீத்தரவு, மேனிலைத் தரவு என்று ஏற்கெனவே சொற்கள் இருக்க, இன்னொன்று எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். நான் எழுதிக்கொண்டிருப்பது, அந்த விவரங்களைப் படிக்கவும் மாற்றவும் உதவும் எக்ஸிஃப்டூல் என்ற கட்டளை வரிக் கருவிக்கு ஒரு தமிழ்க் கையேடு. படிக்கப்போகிறவர்கள் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் ஸ்டுடியோ நடத்துகிறவர்கள். அப்புறம் தேரூர் குளத்தில் பறவைப் படம் எடுக்கும் கல்லூரிப் பிள்ளைகள். பலருக்குக் கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பது இதுதான் முதல் முறை. திரையே பாதி மிரட்டிவிடும். அதற்கு மேல் சொல்லும் மிரட்டக் கூடாது என்பதே என் கவலை.

மீத்தரவில் எனக்குள்ள தயக்கம் அந்த 'மீ'. ஹைப்பர்டெக்ஸ்டுக்கு மீயுரை, சூப்பர் கம்ப்யூட்டருக்கு மீக்கணினி, அல்ட்ராசவுண்டுக்கு மீயொலி என்று அதன் தலையில் ஏற்கெனவே நிறைய ஏற்றியாயிற்று. புதிதாகப் படிக்கிறவர் மீத்தரவு என்றால் 'அளவுக்கு மிஞ்சிய தரவு' என்றுதான் எடுத்துக்கொள்வார். மேனிலைத் தரவு நூலகப் பட்டியலுக்குப் பொருந்தலாம். ஆனால் படக்கோப்புக்குள்ளேயே கிடக்கும் ஷட்டர் வேகத்துக்கு 'மேனிலை' எங்கே வருகிறது?

ஸ்டுடியோக்களில் கேட்டுப் பாருங்கள். "இதுல டீட்டெயில் கெடக்கா பாரு மக்கா" என்பார்கள். விவரம் படத்தோடு கிடக்கிறது, படம் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போகிறது. இந்தக் கூடவே போகும் தன்மை சொல்லில் வர வேண்டும். அதனால்தான் 'உடன்குறிப்பு' என்று முன்வைக்கிறேன். உடன்பிறப்பு, உடன்படிக்கை என்று 'உடன்' எல்லார் வாயிலும் உள்ளது. குறிப்பு தெரியாதவர் இல்லை. உடன்தரவு என்றும் யோசிக்கலாம். ஆனால் ன-வும் த-வும் சேரும் இடத்தில் புணர்ச்சி பார்ப்பவர்கள் 'உடன்றரவு' என்பார்கள். பழந்தமிழில் உடன்று என்றால் சினந்து. அந்த வம்பு வேண்டாம்.

ஒரு கலைச்சொல் தேறுமா என்று பார்க்க, அதைப் பட்டியலில் வைத்துப் பார்த்தால் போதாது. வேலை நடக்கும் வாக்கியங்களில் வைத்து எழுத வேண்டும். நான் எழுதிப் பார்த்ததைக் கீழே தருகிறேன்.

முதலில் நேரம். கடலுக்கு மேல் சிவந்த சூரியன், முன்னால் வள்ளுவர் சிலை இல்லை, பாறை இல்லை, வெறும் கடல். சென்னையில் எடுத்த படம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு உதயம் என்று சொல்லிவிடலாம். கன்னியாகுமரியில் எடுத்தது என்றால் சொல்ல முடியாது. இங்கே சூரியன் கடலில் எழுந்து கடலிலேயே விழுவதையும் பார்க்கலாம். படம் உதயமா அஸ்தமனமா என்பதற்கு உடன்குறிப்பில் உள்ள நேரம்தான் சாட்சி. கேமராவில் காலை மாலை மாற்றி வைத்திருந்தால் அந்தச் சாட்சியும் போச்சு. காலை 6 மணிப் படம் 18 மணி என்று நிற்கும். எக்ஸிஃப்டூலில் எடுத்த நேரம், உருவான நேரம், மாற்றிய நேரம் மூன்றையும் சேர்த்து ஒரே பெயரில் அழைத்து, அதிலிருந்து 12 மணியைக் கழிக்கச் சொல்லலாம். கோப்புறையின் பெயரைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் அத்தனை படத்துக்கும் ஒரே வரியில் வேலை முடியும். கல்யாண வீட்டில் இரண்டு கேமரா இரண்டு நேரம் காட்டி, தாலி கட்டுக்குப் பிறகு மாப்பிள்ளை அழைப்பு வரும்படி படங்கள் அடுக்கப்பட்டுவிட்டால் அதற்கும் இதே வைத்தியம். கையேட்டில் இது இப்படி வரும்: 'உடன்குறிப்பு நேரத்தை 12 மணி பின்னே நகர்த்து.' தடங்கல் இல்லாமல் படிக்க முடிகிறது.

இதிலேயே இன்னொரு குழப்பம் உண்டு. படம் எடுத்த நேரம் 6:10 என்றும், அதே படத்தில் ஜிபிஎஸ் நேரம் 0:40 என்றும் இருக்கும். இரண்டும் சரி. ஜிபிஎஸ் புலம் உலக நேரத்தில் எழுதப்படுகிறது, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. கேமராக்கள் இந்த விவரங்களைப் படத்துக்குள் எழுதும் முறை எக்ஸிஃப்; 1995-இல் ஜப்பானில் உருவான அந்தத் தரத்தில், எடுத்த நேரம் எந்த நாட்டு நேரம் என்று சொல்ல இடமே இல்லாமல் இருந்தது; 2016-இல்தான் அதற்கென்று தனிப் புலங்கள் வந்தன. இப்படிப்பட்ட ஒவ்வொரு அறைக்கும் 'புலம்' என்ற சொல்லே போதும் என்று நினைக்கிறேன். தரவுத்தளக்காரர்கள் ஏற்கெனவே புழங்குவதுதான். ஆங்கிலத்தில் இந்த அறைக்கு வழங்கும் 'டேக்' என்பதைக் குறிச்சொல் என்று பெயர்த்தால், படத்துக்கு நாமே சூட்டும் குறிச்சொல்லோடு மோதும்.

குறிச்சொல் என்றதும் தமிழில் எழுதுவது பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். படத்தோடு விவரம் சேர்க்கப் பத்திரிகை உலகம் வைத்திருந்த பழைய ஐபிடிசி முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட் மட்டுமே இடம். யூனிகோட் எழுத்துகளைக் கோப்பில் பதியும் முறையான யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனியே 3. 'மாத்தூர் தொட்டிப்பாலம்' என்று எழுதினால், இடைவெளியையும் சேர்த்து, மிகச் சரியாக 64 வருகிறது. 'விவேகானந்தர் நினைவு மண்டபம்' 77. கருவி எச்சரித்துவிட்டு வாலை வெட்டிவிடும். எழுத்துக்குறி முறை யுடிஎஃப்-8 என்று அதே கட்டளையில் சொல்லாவிட்டால் தமிழ் கேள்விக்குறிகளாகிவிடும். எக்ஸிஃப் பக்கமும் நெடுங்காலம் பெரும்பாலான புலங்களில் ஆங்கில எழுத்துக்கு மட்டுமே முறையான இடம். 2023-இல் வந்த 3.0 பதிப்பில்தான் யுடிஎஃப்-8 நுழைந்தது. இதே வேலைக்கு அடோபி 2001-இல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி என்ற முறை தொடக்கம் முதலே யூனிகோட். ஆகவே 'தமிழ்க் குறிச்சொற்களை எக்ஸ்எம்பி உடன்குறிப்பில் எழுதுக' என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போடப்போகிறேன். மூன்று வகைக்கும் முன்னொட்டாகப் பெயரைச் சேர்த்தால் போதும்: எக்ஸிஃப் உடன்குறிப்பு, ஐபிடிசி உடன்குறிப்பு, எக்ஸ்எம்பி உடன்குறிப்பு.

கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் ரா படங்களுக்குப் பக்கத்தில் அதே பெயரில் தனியாக வந்து உட்காரும் சைடுகார் கோப்பில் இந்தச் சொல் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. அதை 'உடன்குறிப்புக் கோப்பு' என்றால் புதுச்சொல்லே தேவையில்லை. பென் டிரைவில் படத்தை மட்டும் பிரதி எடுத்து அதை விட்டுவிட்டால் தலைப்பு, மதிப்பீடு எல்லாம் போய்விடும். உடன் போக வேண்டியது என்பதைப் பெயரே நினைவூட்டுகிறது.

படம் எடுத்த இடத்தைக் காட்டும் ஜியோடேகுக்கு 'இடக்குறி'. சுசீந்திரம்-தேரூர் ஈரநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கே கூடு கட்டியிருக்கும் பறவையின் படத்தை இடக்குறியோடு பொதுவில் போடுவது, கூட்டுக்கு வழி சொல்லிக் கொடுப்பதுதான். ஜிபிஎஸ் புலங்களை மட்டும் காலியாக்கி, தேதியையும் கேமரா விவரத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளக் கருவியில் வழி உண்டு. 'இடக்குறியை நீக்கு, மற்ற உடன்குறிப்பைத் தொடாதே.' பிள்ளைகளுக்கு இது உடனே புரியும் என்று நம்புகிறேன்.

மாற்றம் செய்யும்போது கருவி பழைய கோப்பை அழிப்பதில்லை. பெயரின் வாலில் ஒரு சொல் சேர்த்துப் பக்கத்திலேயே வைக்கும். அதற்கு 'மூலப்படி' என்று வைத்திருக்கிறேன். கோப்புறை இரண்டு மடங்கானதைப் பார்த்துப் பயந்து அவற்றை அழித்துவிடாதீர்கள் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

இன்னொன்று. பில் ஹார்வி 2003-இல் வெளியிட்ட நாளிலிருந்து பெர்ல் மொழியில் வளர்ந்து வரும் இந்தக் கருவி, ஒரே ஒரு படத்தை மாற்றினாலும் ஆங்கிலத்தில் பன்மையில்தான் செய்தி சொல்லும். தமிழில் '1 படக்கோப்பு புதுப்பிக்கப்பட்டது', '250 படக்கோப்பு புதுப்பிக்கப்பட்டது' இரண்டும் இயல்பாகவே நிற்கின்றன. செய்திகளைத் தமிழாக்கும்போது 'கள்' சேர்க்க வேண்டாம் என்பது என் விருப்பம்.

முடிவாகாதது ஒன்று இருக்கிறது. எல்லா விவரத்தையும் ஒரேயடியாகத் துடைக்கும் கட்டளைக்கு 'உடன்குறிப்பு நீக்கம்' போதுமா, 'துடைப்பு' மாதிரி கொஞ்சம் அழுத்தமான சொல் வேண்டுமா? ஒரு புலத்தை நீக்குவதும் முழுக்கத் துடைப்பதும் ஒன்றல்ல. பின்னதில் படைப்பாளர் பெயரும் காப்புரிமைக் குறிப்பும்கூடப் போய்விடும். அதனால் வேறு வினை வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. மறுப்போ மாற்றோ இருந்தால், மேலே உள்ள வாக்கியங்களிலேயே உங்கள் சொல்லை வைத்து எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
தக்கலையிலிருந்து