ரூட் கெனால் செய்துகொண்டவர்கள் வாருங்கள்

வேளச்சேரியிலிருந்து:
அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் செய்யச் சொல்லிவிட்டார்கள். வயது 61, சர்க்கரை உண்டு. "பிடுங்கிப் போட்டுவிடச் சொல்லு, நரம்பையெல்லாம் நோண்ட வேண்டாம்" என்று ஒரே பிடிவாதம். உள்ளே என்ன செய்வார்கள், அப்புறம் எத்தனை நாள் வலிக்கும்? உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், படித்துக் காட்டிவிடுகிறேன்.

நங்கநல்லூரிலிருந்து:
எனக்கும் அதே கீழ்க் கடைவாய்தான். நிஜமான வலி சிகிச்சைக்கு முந்தைய ராத்திரிகளில்தான் இருந்தது. பகலில் சும்மா இருக்கும் பல், படுத்தவுடன் தெறிக்கும். எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். காபி பட்டால் உயிர் போகும், ஃபிரிட்ஜ் தண்ணீரை வாயில் அடக்கினால் அடங்கும். இதைச் சொன்னதுமே டாக்டர், பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் கூழ் இனி பழைய நிலைக்குத் திரும்பாது, படுத்தால் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் ஏறுவதால்தான் ராத்திரி வலி என்றார்.

ஊசியைக் கடைவாயின் கோடியில், நரம்பு தாடை எலும்புக்குள் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டார்கள். சுருக்கென்றது, அவ்வளவுதான். ஆனால் உடனே நெஞ்சு படபடவென்று அடித்தது. ஊசி மருந்தோடு அட்ரினலின் கலந்திருப்பதால் சிலருக்கு அப்படி வருமாம். சற்று நேரத்தில் நின்றுவிட்டது. அப்புறம் பாதி உதடு, பாதி நாக்கு மரத்துப்போனது. பல்லைச் சுற்றி ஒரு பச்சை ரப்பர் ஷீட்டை மாட்டினார்கள். கழுவும் மருந்தும் தொண்டைக்குள் போகாது, அந்தக் கூழை வேருக்குள்ளிருந்து சுரண்டி எடுக்கும், கம்பி மாதிரி இருக்கும் சின்ன ஃபைல் கைநழுவினாலும் விழுங்கிவிட மாட்டோம். ஷீட் இல்லாமல் ஆரம்பித்தால் தயங்காமல் கேளுங்கள்.

டிரில் உள்ளே இறங்கும்போது ஒருமுறை சுரீர் என்றது. கையைத் தூக்கினேன், நிறுத்தி, கூழுக்குள்ளேயே இன்னொரு ஊசி போட்டார். ரொம்ப வீங்கிய பல்லில் முதல் ஊசி முழுதாகப் பிடிக்காமல் போவதுண்டு, பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். அதன்பிறகு வலி இல்லை, ஃபைல் சுரண்டும் சத்தம்தான். உதட்டில் ஒரு கொக்கியைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஃபைல் வேரின் நுனியை நெருங்க நெருங்க மெஷின் பீப் பீப் என்று வேகமாகக் கத்தும், அப்படித்தான் நீளம் அளக்கிறார்கள். நடுநடுவே பிளீச்சிங் வாடை வரும். சோடியம் ஹைபோகுளோரைட் ஊற்றிக் கழுவுகிறார்கள், வீட்டில் தரை துடைக்கும் பிளீச்சில் இருப்பதும் அதுதான். கடைசியில் இளஞ்சிவப்புக் குச்சிகளை வைத்து அடைத்தார்கள். பெயர் கட்டா பெர்ச்சா. மலேயாப் பக்கத்து மரத்துப் பால், அந்தக் காலத்தில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் போட்டது. அது என் வாய்க்குள் இருப்பதில் எனக்கு ஒரு பெருமை.

மற்றபடி, அவ்வளவு நேரம் வாயைத் திறந்தே வைத்திருந்ததில் தாடைதான் கழன்றுவிடும் போல வலித்தது.

பெரம்பூரிலிருந்து:
அன்றைக்கு மரத்துப்போனது தெளியும்வரை எதையும் மெல்ல வேண்டாம், சூடாகவும் குடிக்க வேண்டாம். என் பையன் வீட்டுக்கு வந்த சூட்டில் பஜ்ஜி தின்று உதட்டைக் கடித்துக்கொண்டான். பல்லை மறந்துவிட்டு ஒரு வாரம் உதட்டுப் புண்ணுக்குத்தான் அழுதான்.

நரம்பையே எடுத்துவிட்டார்களே, அப்புறம் ஏன் வலிக்கிறது என்று என் வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். பல்லுக்குள் இருந்ததைத்தான் எடுக்கிறார்கள். வேரை எலும்போடு பிடித்து வைத்திருக்கும் தசைநார் வெளியே இருக்கிறது, அதற்குத் தனி நரம்பு உண்டு. வேர் நுனி வரை வேலை செய்ததில் அது கன்றிப்போயிருக்கும். எனக்கு முதல் இரண்டு நாள் விண்விண் என்றிருந்தது, டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையிலேயே அடங்கியது. மரப்பு தெளிவதற்கு முன்பே முதல் மாத்திரையைப் போடச் சொல்லியிருந்தார், அது நல்ல யோசனை. சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ இருந்தால் ஐபுப்ரோஃபென் கூடாது, அம்மா முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கடித்தால் நோகிற வலி மட்டும் ஒரு வாரம் வரை இழுத்தது. தயிர் சாதம், குழைந்த ரசம் சாதம், மறுபக்கத்து மெல்லல் என்று ஓடிவிட்டது. குறைந்துகொண்டே வருகிற வலிக்குப் பயம் வேண்டாம். கன்னம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தால் உடனே ஓடுங்கள்.

ராயபுரத்திலிருந்து:
செலவுக்குப் பயப்படுபவர்களுக்காகச் சொல்கிறேன். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நான் அங்கேதான் செய்துகொண்டேன். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுவது நல்லது. செய்வது மாணவர்கள், ஆனால் எனக்கு ஒவ்வொரு கட்டத்திலும் பேராசிரியர் வந்து எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டார்கள். தனியார் கிளினிக்கில் ஒரே உட்காரலில் முடிப்பதை இங்கே பல தடவை வரச்சொல்லிச் செய்தார்கள். பொறுமை வேண்டும், ஆனால் வேலை சுத்தம். இடையில் வேருக்குள் ஒரு வெள்ளைப் பசையை வைத்து மூடி அனுப்பினார்கள். கால்சியம் ஹைட்ராக்சைடு என்றாள் எனக்குச் செய்த மாணவி. வெற்றிலைக்குத் தடவுகிற நீற்றுச் சுண்ணாம்பும் அதேதான் என்றதும் பக்கத்து நாற்காலிப் பாட்டி, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்" என்றார்.

மேற்கு மாம்பலத்திலிருந்து:
மேல் பல்லில் கைவைத்தால் கண் போய்விடும் என்று எங்கள் பாட்டி காலத்திலிருந்து சொல்கிறார்கள். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. எனக்கு மேல் கடைவாயில் செய்து வருடங்கள் ஆயிற்று, கண்ணாடி பவர்கூட மாறவில்லை.

அம்பத்தூரிலிருந்து:
எல்லோரும் நாற்காலியைப் பற்றியே எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் பல் போனது அதற்கு அப்புறம். ரூட் கெனால் முடிந்ததும் பல்லின் மேல் ஒரு உறை மாட்டுவார்கள், அதுதான் கேப். அண்ணனுக்கு வலி நின்றதும், "கேப் எதுக்கு, காசு பிடுங்குற வேலை" என்று விட்டுவிட்டார். கூழை எடுக்கப் பல்லின் நடுவே குடைந்திருப்பார்கள். சொத்தையில் போனது போக மிச்சம் இருப்பது மெல்லிய சுவர், கடைவாய்ப் பல்தான் மெல்லும் பாரம் முழுவதையும் தாங்குகிறது. ஒரு தீபாவளிக்கு முறுக்கைக் கடித்தார், பல் நெட்டுவாக்கில் ஈறுக்குக் கீழே வரை பிளந்துவிட்டது. அதை ஒட்டவைக்க வழியில்லை, பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. முன்பல்லுக்குச் சில சமயம் கேப் இல்லாமலே அடைத்து விடுவார்கள், கடைவாய்க்கு அந்தச் சலுகை இல்லை. முதல் நாளே ரூட் கெனாலுக்கு எவ்வளவு, கேப்புக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மெட்டல், செராமிக், ஜிர்கோனியா என்று விலை ஏறிக்கொண்டே போகும். சிரித்தால் தெரியாத பல்லுக்கு மெட்டலே தாராளம்.

சர்க்கரைக்கு: காலையில் வழக்கம்போல் டிபனும் மாத்திரையும் முடித்துவிட்டே போகச் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனை மாதிரி வெறும் வயிற்றில் போகக் கூடாது. ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் அதைச் சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. கேப் மாட்டும் அன்று ஒரு நீலப் பேப்பரைக் கடிக்கச் சொல்வார்கள். மேல் பல் முதலில் அங்கே இடித்தால் "பழகிடும்மா" என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். ராவிச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும்.