விமானி பறக்கும்போது கண்ணயரலாமா?

செந்தூல் குமார்: 2024 ஜனவரியில் கெண்டாரியிலிருந்து ஜகார்த்தா போன பாத்திக் ஏர் விமானத்தில் இரண்டு விமானிகளும் ஒரே நேரத்தில் 28 நிமிடம் தூங்கிவிட்டார்கள். கேப்டன் சொல்லிவிட்டுத்தான் படுத்தார். துணை விமானி வீட்டில் ஒரு மாத இரட்டைக் குழந்தைகள், அவரும் சாய்ந்துவிட்டார். பாவம்தான், ஆனால் பின்னால் 153 பயணிகள்! காக்பிட்டில் தூக்கமே கூடாது என்பது என் கட்சி.

சுபாங் மெக்கானிக்: கூடாது என்றால் வராமல் இருக்குமா, அண்ணே? விடியற்காலை 2 மணியிலிருந்து 6 மணிவரை உடம்பு தானாகவே இறங்கும். கோப்பி கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடி அணைந்துபோகும், ஆளுக்கே தெரியாது. நீண்ட தூர விமானிகளுக்கு 40 நிமிட ஓய்வு கொடுத்து நாசா சோதித்தது. சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். ஓய்வு கிடைக்காதவர்களுக்குத்தான் தரையிறங்கும் நேரத்தில் கண் சொக்கியது. நமக்கு ஆபத்தான கட்டமே அதுதானே!

செந்தூல் குமார்: 2010 மங்களூர் விமான விபத்து? கேப்டனின் குறட்டை பதிவுக் கருவியிலேயே இருந்தது. 158 பேர் செத்தார்கள்.

சுபாங் மெக்கானிக்: அவர் நெடுநேரம் தூங்கி, இறங்கும் நேரத்தை ஒட்டி எழுந்தவர். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தால் மூளை தெளியக் கொஞ்ச நேரம் ஆகும். அதனால்தான் ஐரோப்பாவில் ஓய்வை முக்கால் மணிக்குள் நிறுத்தி, எழுந்த பின் 20 நிமிடம் ஒதுக்குகிறார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான். பணிப்பெண் இடையிடையே போன் அடித்துப் பார்ப்பார்.

பாயான் லெப்பாஸ் அக்கா: மங்களூரில் துணை விமானி மூன்று முறை 'திரும்ப மேலே ஏறலாம்' என்று சொன்னார், தம்பி. கேப்டன் கேட்கவில்லை. தூக்கக் கலக்கம் பாதி என்றால், 'கேப்டனிடமிருந்து கன்ட்ரோலை எப்படிப் பிடுங்குவது' என்ற தயக்கம் மீதி. எங்கள் ஃபேக்டரி நைட் ஷிஃப்டிலும் இதே கதை, சூப்பர்வைசர் தப்பாகச் சொன்னால் யாரும் வாய் திறப்பதில்லை. இதற்கு எந்த ஓய்வு விதி மருந்து?

சுபாங் மெக்கானிக்: அதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது, அக்கா. 1977-இல் டெனரிஃப் தீவில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்த பிறகு வலுத்தது. ஆனால் வகுப்பில் தலையாட்டுவது வேறு, கேப்டன் கையிலிருந்து கன்ட்ரோலை வாங்குவது வேறு. அதை ஒத்துக்கொள்கிறேன்.

செந்தூல் குமார்: சரி, அமெரிக்காவில் காக்பிட் தூக்கத்துக்கு அனுமதி இல்லையே, அவர்கள் மடையர்களா?

சுபாங் மெக்கானிக்: நீண்ட பயணத்துக்கு அங்கே கூடுதல் விமானியை ஏற்றுகிறார்கள். கோலாலம்பூர்–சென்னை 4 மணி நேரம். அதற்கு மூன்று விமானி போட்டால் டிக்கெட் விலை?

செந்தூல் குமார்: ஐம்பது ரிங்கிட் கூடக் கேட்டாலும் நான் கட்டுவேன்.

பாயான் லெப்பாஸ் அக்கா: கட்டுவீர்கள், சரி. பக்கத்து சீட்காரர் இன்னும் மலிவான டிக்கெட்டைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.