அம்மாவைத் துடைத்துவிடும் நேரம்

தம்பி: அக்கா, இன்று காலை முதியோர் இல்லத்தில் அம்மாவைப் பார்த்தேன். உடம்பு துடைக்க வந்த பணிப்பெண்ணின் கையைத் தட்டிவிட்டு, "என்னை விடு" என்று அழுதார். மூன்று நாளாக இதே பாடாம். எனக்கு மனமே ஆறவில்லை.

அக்கா: அது பிடிவாதம் இல்லை தம்பி, பயம். நினைவு மங்கியவர் மேல் திடீரென்று ஒருவர் போர்வையை விலக்கி ஈரத்துணியை வைத்தால், குளிப்பாட்டுகிறார்கள் என்பதே அவருக்குப் புரியாது. எதிரே உட்கார்ந்து, "இப்போது முகம் துடைக்கலாமா அம்மா" என்று கேட்டு, துணியை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். துடைக்கும் இடத்தை மட்டும் திறந்து, மற்றதைத் துண்டால் மூடிவைத்தால் குளிரும் இராது, கூச்சமும் குறையும்.

தம்பி: பாதியில் தண்ணீரும் ஆறிப்போயிருந்தது.

அக்கா: ஆறினாலும் கலங்கினாலும் உடனே மாற்றச் சொல். 37 முதல் 40 டிகிரி வரை சூடு இருந்தால் போதும். மணிக்கட்டின் உள்பக்கத்தில் விட்டுப் பார்த்தாலே தெரியும். கண்ணுக்குச் சோப்பு கூடாது. பிறப்புறுப்பை எப்போதும் முன்னிருந்து பின்னாகவே துடைக்க வேண்டும். மாறினால் மலக்கிருமிகள் சிறுநீர்ப் பாதைக்குள் போய்விடும்.

அண்ணி: நேற்று அத்தைக்கு வால் எலும்பின் மேல் கட்டைவிரல் அகலத்துக்குச் சிவந்திருந்ததால் எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

அக்கா: இனித் தேய்க்காதீர்கள் அண்ணி, உள்ளே இருக்கும் தசை இன்னும் நைந்துபோகும். விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். சிவப்பு வெளுக்காமல் அப்படியே நின்றால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம், உடனே செவிலியரிடம் காட்ட வேண்டும். எதுவானாலும் அந்த இடத்தில் பாரம் விழாதபடி ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரம் தவறாமல் திருப்பிவிடச் சொல்லுங்கள். நனைந்த டயபர் அடுத்த வேளை வரை கிடக்கவே கூடாது.

அண்ணி: பல்செட்டு இரவிலும் வாயிலேயே இருக்கிறது.

அக்கா: எனக்குப் பெரிய கவலை அதுதான். வாயில் சேரும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். இரவில் கழற்றி, தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். ஈறையும் நாக்கையும் மென்மையான பிரஷால் துடைத்துவிட வேண்டும். அப்போது தலை உயர்ந்திருக்கட்டும்.

தம்பி: நாளை துடைக்கும் நேரத்துக்கே போகிறேன்.

அக்கா: போ, ஆனால் அந்தப் பெண்ணைக் கடிந்துகொள்ளாதே. ஒருத்தி எத்தனை பேரைத்தான் பார்ப்பாள்? கூட நின்று உதவு.

(மறுநாள் காலை)

தம்பி: அக்கா, அம்மா தானே முகம் துடைத்துக்கொண்டார், காதுமடலைக்கூட விடவில்லை. முதுகைத் துடைக்கும்போது மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார். சிவப்பு அழுத்தினால் வெளுக்கிறது, செவிலியரும் பார்த்துவிட்டார்.