கோவையில் தாயும் பிள்ளையும் தங்க ஓர் அறை தேவை

என் தங்கை கோத்தகிரியில் தேயிலை பறிக்கிறாள். அவள் மகனுக்கு ஆறு வயது. மார்ச்சில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது, ஏ.எல்.எல். வகை. கோவையில் கீமோ நடக்கிறது. சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீடு இருக்கிறது, தங்குமிடத்துக்குத்தான் திணறுகிறோம்.

வெள்ளை அணுக்கள் குறைந்திருப்பதால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலே உடனே மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் நள்ளிரவில் காய்ச்சல். மலைப்பாதையில் மழை, மூடுபனி. ஜீப் கிடைக்கவே ஒன்றரை மணி நேரமானது. பிள்ளை மடியில் அனலாகக் கொதித்தான். அப்படியோர் இரவு இனி வேண்டாம்.

லாட்ஜ் வாடகை அவள் நாள் கூலியைவிட அதிகம். உறவினர் வீட்டில் பத்து நாள் இருந்தார்கள். ஆள் நடமாட்டம் அதிகம், தொற்று பயம். இரண்டு அறக்கட்டளைகளில் இடமில்லை.

அடுத்த ஆறு வாரத்துக்கு, சமைத்துக்கொள்ள வசதியுள்ள சுத்தமான அறை கோவையில் குறைந்த வாடகைக்கு எங்கே கிடைக்கும்?