புதுப்பிப்பு: அம்மாவின் இமட்டினிப் குளிசையும் காலைக் குமட்டலும்

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. புதுசா வாசிக்கிறவங்களுக்கு: அம்மாவுக்கு சீஎம்எல் இரத்தப் புற்றுநோய், தினமும் இமட்டினிப் 400 மில்லிகிராம். விடிய வெறும் தேத்தண்ணியோட போட்டுட்டு மலைக்கு ஏறினா குமட்டல். அதனால தேயிலைக் கொழுந்து எடுக்கப் போற நாள்ல குளிசையைத் தொடவே மாட்டாங்க. தினமும் போட வைக்க என்ன செய்யலாம்னுதான் இங்க கேட்டிருந்தேன்.

இராச் சாப்பாட்டோட குடுக்கலாமான்னு கேட்டுப் பாருங்கன்னு எழுதின நேர்ஸ் அக்காவின் யோசனைதான் சரிவந்தது. கிளினிக்ல டொக்டர் சரின்னு சொன்ன பிறகு மாத்தினோம். சோறு, குளிசை, பெரிய கப் நிறையத் தண்ணி. உடனே படுக்காம ரெண்டு மணித்தியாலமாவது இருக்கணும். குமட்டல் நல்லாக் குறைஞ்சிட்டு. ஞாபகப்படுத்த போன் அலாரம் வைக்கிறது எங்க லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) எடுபடல, போன் எப்பவும் தம்பி கையில.

எதிர்பாராதது கண்ணைச் சுத்தி வீக்கம். இந்த மருந்துக்கு அது வழக்கமா வர்றதுதானாம். நீங்களா நிப்பாட்டாம வந்து காட்டுங்கன்னு டொக்டர் சொன்னார்.

உண்மையில குமட்டலை விட "உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்குத் தினமும்?" என்கிறதுதான் பெரிய தடை. ஒருத்தர் அனுப்பின 2010 லண்டன் ஆய்வை வாசிச்சுக் காட்டினேன்: 87 நோயாளிகள்ல, 90 சதவீதத்துக்கு மேல குளிசை எடுத்தவங்களுக்கு நோய் அடங்கின அளவு மத்தவங்களை விட மிக அதிகம். அம்மா அசையல. தன்னோட பீசீஆர் ரிப்போர்ட்ல (இரத்தத்துல நோய் எவ்வளவு மிச்சம்னு காட்டுற சோதனை) எண் இறங்கினதைப் பார்த்த பிறகுதான் தானாவே கேட்டு வாங்கிப் போடுறாங்க.

ஒரு வேளை தவறினா மறுநாள் ரெண்டாப் போடக் கூடாது. இதே நோய்க்கான இன்னொரு மருந்தான நிலோட்டினிப் எடுக்கிறவங்க எங்களைப் பார்த்துச் சாப்பாட்டோட போட்டுடாதீங்க, அது வெறும் வயித்துல எடுக்கிறது.