பதில்: கஜா மாதிரி நூறு வருஷத்துக்கு ஒருமுறைதானே?

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

போன வாரம் சவுதியின் தம்மாமிலிருந்து தம்பி ஒருவர், ஊரில் இருக்கும் நிலம் முழுக்கத் திரும்பவும் தென்னையே வைக்கப் போவதாக எழுதியிருந்தார். "கஜா மாதிரி நூறு வருஷத்துக்கு ஒருமுறைதானே வரும்" என்று 2018 புயலைப் பற்றியும் சேர்த்திருந்தார். யாரும் மறுத்து எழுதக் காணோம். நம் குழுவில் பாதிப் பேர் 1977 புயலுக்குப் பிறகு பிறந்தவர்கள், அதனால் இருக்கலாம்.

தம்பி, 1952-லிருந்து எண்ணிப் பாருங்கள். அந்த வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி நாகப்பட்டினத்துப் பக்கம் ஒரு புயல் கரையேறியது. அதில் விழுந்ததை நிமிர்த்தி முடிக்குமுன், சரியாக மூன்றே வருஷத்தில், 1955 டிசம்பர் தொடக்கத்தில் அடுத்தது வந்தது. அது கரையைக் கடந்தது நமக்குப் பக்கத்தில் இருக்கும் ராஜாமடம் அருகே. ராஜாமடம், அதிராம்பட்டினம் பக்கத்து வீடுகளில் இன்றும் அதை 'அம்பத்தஞ்சு புயல்' என்றுதான் சொல்கிறார்கள். காற்றைவிடக் கடல்தான் அதில் அதிகம் அழித்தது. பாக் நீரிணையில் பல இடங்களில் 10 மீட்டர் ஆழம்கூடத் தேறாது. காற்று தள்ளுகிற தண்ணீருக்குக் கீழே இறங்க வழியில்லை, கரை மேல்தான் ஏற வேண்டும். அன்று கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகும் உப்பு ஏறிய வயல் கொஞ்ச காலம் விளையவில்லை என்று அப்பாயி சொல்வார்கள்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனது எல்லாருக்கும் தெரியும். அது நமக்குத் தெற்கே.

1977 நவம்பர் 12 எனக்கே நினைவிருக்கிறது. நாகைக்குத் தெற்கே கரையேறி, தஞ்சாவூர், திருச்சி வரைக்கும் பலத்த காற்றோடு போன புயல் அது. எம்.ஜி.ஆர். முதல்வராகி நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் வீட்டு ஓடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று பறந்தன. எல்லாரையும் நெல் மூட்டை அடுக்கியிருந்த உள் அறைக்குள் தள்ளிவிட்டு, அப்பாயி வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். "காத்து நின்னுச்சுன்னா எவனும் வெளிய போவாதிய. போன காத்து எதிர்ப்பக்கமா திரும்பி வரும்." புயலின் நடுவே காற்று ஓய்ந்திருக்கும் 'கண்'ணைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் அவர்கள் படித்ததில்லை. அம்பத்தஞ்சில் காற்று ஓய்ந்ததும் மாட்டை அவிழ்க்கப் போன பக்கத்து வீட்டுக்காரர் திரும்பி வராததைப் பார்த்தவர்கள்.

அடுத்தது 2018. நடுவில் 41 வருஷம். அந்த இடைவெளிதான் நம்மை ஏமாற்றிவிட்டது என்பது என் கணக்கு. புயல் வராமலெல்லாம் இல்லை. 1993-இல் காரைக்கால், 2000-இல் கடலூர், 2011-இல் 'தானே' புயல் என்று எல்லாம் வடக்கே போய்க்கொண்டிருந்தன. 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். இலங்கை மறைத்து நின்றதால் நம் கரை பெரும்பாலும் தப்பித்தது. 2008 நிஷா புயலில் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. மழை கொட்டியது. ஒரு வருஷ மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில்! வயலெல்லாம் அழுகியது, ஆனால் மரம் நின்றது. சரி, தென்னைதான் பாதுகாப்பு என்று பலரும் முடிவு கட்டிவிட்டார்கள். புதுஆற்றில் (கல்லணைக் கால்வாய்) தண்ணீர் வரும் வராது என்ற நிலையில் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறியதில் தப்பும் சொல்ல முடியாது. சிங்கப்பூர் காசு, மலேசியா காசு, வளைகுடா காசு எல்லாம் அங்கேதான் போனது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று வரப்புக்கு வரப்பு தென்னை. ஒரு தலைமுறையே பலத்த காற்றைப் பார்க்காமல் வளர்த்த மரங்கள் அவை.

நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, அவற்றைச் சில மணி நேரத்தில் சாய்த்துவிட்டுப் போனது. வடக்கிலிருந்து அடித்த காற்றில் வேர் ஆடிப்போன மரங்கள், தெற்கே இருந்து திரும்ப அடித்ததில் விழுந்தன என்று சித்தப்பா மகன் சொன்னான். சில மரங்கள் வேரோடு, சில நடுவில் முறிந்து. முறிந்தவை இன்னும் மோசம். அடிமரத்தை எடுக்கவும் காசு, எடுக்காமல் விட்டால் மட்கி, காண்டாமிருக வண்டு குடியேறி, மிச்சம் நிற்கும் கன்றையும் தின்னும். அரசு கொடுத்தது மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500. முப்பது வருஷம் காய்த்த மரத்துக்கு 1,100 ரூபாய்.

காப்பீடு இருந்ததே என்பீர்கள். இருந்தது. தென்னை வளர்ச்சி வாரியத் திட்டத்தில் அப்போது மரத்துக்கு வருஷம் 9 அல்லது 14 ரூபாய் பிரீமியம், அதிலும் விவசாயி கட்ட வேண்டியது கால் பங்குதான். நமக்குத் தெரிந்தவர்களில் யார் கட்டியிருந்தார்கள்?

அதனால் தம்பி, தென்னை வையுங்கள். முழு நிலத்துக்கும் வேண்டாம். பாதியில் வையுங்கள், மீதியில் நெல்லோ உளுந்தோ போடுங்கள். கன்று வைக்கும்போதே காப்பீட்டையும் விசாரித்துவிடுங்கள். நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும், அதுவரை வீட்டுக்கு வருமானம் எது என்பதையும் யோசியுங்கள்.

அப்புறம் நம் ஊர்ச் சங்கப் பணம். அதில் ஊருக்கு நுழைவு வளைவு கட்டலாம் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். கஜாவுக்குப் பிறகு ஊர் தவித்தது சோற்றுக்கு அல்ல, குடிதண்ணீருக்கு. மாநிலம் முழுக்க லட்சத்துக்கு மேல் மின்கம்பம் சாய்ந்து கிடந்தபோது மேல்நிலைத் தொட்டியில் எப்படி ஏற்றுவது? வாடகை ஜெனரேட்டர் ஊர் ஊராகச் சுற்றியது, வாடகையும் ஏறிக்கொண்டே போனது. நிவாரண லாரிகள் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டன. தொட்டி மோட்டாருக்குத் தக்க ஜெனரேட்டர் ஒன்று சங்கப் பெயரில் வாங்கி, தரை மட்டத்தில் இல்லாமல் மேடை கட்டி அதன் மேல் வைக்கலாம் என்பது என் யோசனை. மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டும், டீசலுக்குத் தனியாக ஒதுக்க வேண்டும். இதெல்லாம் பேசி முடித்தால்தான் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் துருப்பிடித்துக் கிடக்கும்.

தஞ்சாவூரில் இரண்டு கடைகளில் விலை கேட்கச் சொல்லியிருக்கிறேன். கார்த்திகைக்கு முன் முடித்துவிட வேண்டும். வளைவுதான் வேண்டும் என்பவர்களும் காரணத்தோடு எழுதுங்கள்.