ஆயர் ஈத்தாம் டாலாம் சதுப்பில் சிவப்புத் தட்டான்: எந்த இனம்?

கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாம் டாலாமில் எடுத்த படம். உடல் முழுக்கச் சிவப்பு, இறக்கை கண்ணாடிபோல். வால் மட்டும் விவரமே இல்லாத சிவப்புத் திட்டாக விழுகிறது. என்ன இனம்?

பதில் 1: நியூரோதெமிஸ் ஃப்ளக்டுவான்ஸ் ஆண் இல்லை, அதற்கு இறக்கையே செம்பழுப்பு. வால் முதுகின் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் குரோகோதெமிஸ் செர்விலியா. கோடில்லாமல் மார்பு பழுப்பாக இருந்தால் ஆர்தெட்ரம் டெஸ்டேசியம் பக்கம் தேடுங்கள்.

பதில் 2: அந்தக் கோடே படத்தில் அழிந்திருக்கலாம். வெயிலில் சிவப்புதான் முதலில் எரியும், அதாவது அளவுக்கு மீறிய வெளிச்சத்தில் விவரம் போய்விடும். எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்ச அளவை) 2/3 ஸ்டாப் குறையுங்கள். லென்ஸ் திறப்பு எஃப்/8, ஷட்டர் வேகம் 1/500 நொடி போதும். மேலிருந்து ஒரு படம், மார்பின் பக்கவாட்டில் ஒன்று கட்டாயம். கேமரா தட்டானின் உடலுக்கு இணையாக இல்லாவிட்டால் வால் நுனி மங்கிவிடும். பறந்தாலும் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பும், அசையாமல் நில்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: ரா கோப்பில் (கேமரா பதிந்த மூலக் கோப்பில்) வெளிச்சத்தைக் குறைத்தேன். கோடு இருக்கிறது! நன்றிங்க.

பதில் 1: அப்படியானால் செர்விலியா ஆண்தான். பெண் மஞ்சள் பழுப்பு, அதனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்.